வியாழக்கிழமைச் சோறு

சிவமயம்

இணுவில்,
10-12-1934

என் அன்புத் தம்பி நமசிவாயத்துக்கு அக்கா ஞானாம்பிகை எழுதுவது. கந்தசுவாமியார் கிருபையால் நானும் அத்தானும் குணலட்சுமியும் சுகமாக இருக்கிறோம். காய்ச்சல் பிடித்த ஊருக்குள்ளே போயிருக்கிற உன்னைப் பற்றித்தான் எங்களுக்கு யோசனை.

நீ கேகாலைக்குப் போய் இன்றைக்கு இருபத்தொரு நாள். வந்தது ஒரே ஒரு கடிதம், அதுவும் நாலு வரி. பட்டணத்து ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை தோறும் தோல் வருத்தக்காரருக்குக் களிம்பு பூசிக்கொண்டு இருந்தாய். மருந்து கலக்கிக் கொடுக்கிற அப்போதிக்கரி வேலை என்றால் இப்படிச் சொகுசாக இருக்கவேண்டும் என்று உன்னைப் பகிடி பண்ணினேன். இப்போது மலேரியாக் காய்ச்சலுக்கென்று உன்னையும் டாக்குத்தரையும் தெற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் கண்தான் பட்டதோ தெரியாது.

அத்தான் புகையிலைக் கன்று நட்டு முடித்துவிட்டார். குணலட்சுமி இரண்டாம் வகுப்பில் கெட்டிக்காரி என்று வாத்தியார் சொன்னாராம். அவளே வந்து சொன்னாள்.

ஒரு விஷயம். பக்கத்து வளவு இரத்தினம்மாவுக்கு இடது கையில், முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறின தடம். கார்த்திகையில் புளியங்கொட்டை அளவு இருந்தது, இப்போது எலுமிச்சம்பழ அளவு. போன வெள்ளி பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசலிலேயே பலகை தொங்குகிறதாம்: அவசரமில்லாத தோல் வருத்தக்காரர் மறு அறிவித்தல் வரை வரவேண்டாம். காவல்காரன் எல்லாரும் கேட்கக் கத்தினானாம்: "உயிர் போற வருத்தமோ? இல்லையெண்டால் காய்ச்சல் அடங்கினாப்போலை வாருங்கோ!" அவள் சீலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு திரும்பிவிட்டாள். புருசனை இழந்து பிள்ளைகுட்டியும் இல்லாமல் தனித்து இருக்கிறவள், வேறு யாரிடம் கேட்பாள்? என்ன பூசலாம் என்று எழுது.

கொதித்தாறின தண்ணீரே குடி. நுளம்பு வலையைக் கட்டிக்கொண்டு படு.

உன்னையே நினைத்திருக்கும் அக்கா,
ஞானாம்பிகை

*

கேகாலை,
18-12-1934

அன்பு நிறைந்த அக்காவுக்கு, தம்பி நமசிவாயம் வணக்கத்தோடு எழுதுவது. இதுவரை எனக்குக் காய்ச்சல் வரவில்லை. அத்தானுக்கும் மருமகளுக்கும் என் அன்பு.

நாலு வரி எழுதியதற்கு நாலு பக்கத்தில் ஏச்சு வாங்கிவிட்டேன். அக்கா, இங்கே ஒரு நாளைக்கு நானூறு பேர். பள்ளிக்கூடத்தைத்தான் ஆஸ்பத்திரி ஆக்கியிருக்கிறார்கள். கொயினா மருந்து கலக்கிக் கலக்கி என் விரல்களும் கசக்கின்றன. பிள்ளைகளைப் பார்க்கத்தான் மனம் கேட்கவில்லை. வயிறு மட்டும் பெரிதாக, கைகால் குச்சியாக.

இரத்தினம்மாக்காவின் தடம் படர்தாமரையாக இருக்கும். அவசரமில்லை. வேண்டுமானால் ஊசிமுனையால் மெல்லக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நோவு தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தெரியாவிட்டால் எழுதுங்கள். அது பெருவியாதியாக, குஷ்டமாக இருக்கலாம். அப்படியானவர்களைப் பற்றி மேலிடத்துக்கு அறிவிப்பது என் கடமை.

இங்கே பீங்கானில் சோறு போட்டுத் தருகிறார்கள். சாப்பிடுகிறேன், வயிறு நிரம்புகிறது. ஆனால் பானையில் மிஞ்சின சோற்றையும் கறிகளையும் சேர்த்துப் பிசைந்து, பூவரசம் இலையை ஏந்திக்கொண்டு சுற்றி இருக்கிற எங்கள் கையில் நீங்கள் உருண்டை உருண்டையாக வைப்பீர்களே, அந்தக் குழையற்சோறு கனவிலும் வருகிறது. பொங்கலுக்கு எள்ளுருண்டையாவது அனுப்புங்கள்.

வேலை கூப்பிடுகிறது. எல்லாரும் சுகமாக இருங்கள்.

தம்பி,
நமசிவாயம்

*

சிவமயம்

இணுவில்,
4-1-1935

தம்பிக்கு, அக்கா எழுதுவது. எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும்.

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. திருவெம்பாவைக் காலம், விடியவே எழும்பும் வேலை. தோட்டத்தில் புகையிலைக்குத் தண்ணீர் இறைப்பு. வேறு புதினம் இல்லை.

நீ எழுதினதை இரத்தினம்மாவுக்குச் சொன்னேன். மேலிடத்துக்கு அறிவித்தால் எங்கே கொண்டுபோவார்கள் என்று கேட்டாள். பிள்ளையையும் கூடக் கொண்டுபோகலாமோ என்றும் கேட்டாள். சும்மா அறிவதற்குத்தான் கேட்டாள். நேரம் கிடைத்தால் எழுது, இல்லாவிட்டால் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

கேகாலை,
12-1-1935

பாசமுள்ள அக்காவுக்கு, தம்பியின் வணக்கம். உங்கள் எல்லாருடைய சுகமும் கண்டு சந்தோஷம். நான் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழும்பிவிட்டேன். கலவரப்பட வேண்டாம், மருந்து என் கையிலேயே இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் அறை முழுக்கச் சாம்பிராணி மணம். பக்கத்துக் கட்டில் நடராசா, "என்ன ஐசே, உன்ரை அக்கா கோயிலுக்குள்ளை இருந்தோ எழுதுறா?" என்று கேட்டான். அக்கா, காய்ச்சல் ஊரில் இருப்பவன் நான். புகை பிடிப்பதானால் என் கடிதத்துக்குத்தான் பிடிக்கவேண்டும், உங்கள் கடிதத்துக்கு அல்ல! அதோடு மலேரியா கடிதத்தில் ஏறி வருவதில்லை, நுளம்பில் ஏறித்தான் வருகிறது.

கேட்டதற்குப் பதில்: மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு தீவு இருக்கிறது, அங்கேதான் கொண்டுபோவார்கள். பிள்ளைகளைக் கூட விடமாட்டார்கள். ஆனால் இதெல்லாம் ஏன்? குத்திப் பார்த்தாரா, இல்லையா? அதை எழுதவில்லையே.

தைப்பொங்கலுக்கு எனக்காகவும் ஒரு கைப்பிடி அரிசி போடுங்கள்.

அன்புத் தம்பி,
நமசிவாயம்

*

சிவமயம்

இணுவில்,
24-1-1935

தம்பி, உனக்குக் காய்ச்சல் வந்ததென்று அறிந்து அத்தான் கந்தசுவாமி கோயிலில் அருச்சனை செய்வித்தார். இப்போது சுகந்தானே? எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

பொங்கல் நன்றாக நடந்தது. எள்ளுருண்டை ரெயில் பார்சலில் வருகிறது. இந்த முறை அத்தானின் தங்கைதான் பிடித்தாள். கொஞ்சம் கல்லாக இருக்கும், பொறுத்துக்கொள். எனக்கு நேரம் கிடைக்கவில்லை. புகையிலையில் பக்கத்தே முளைக்கிற கெட்டுக் கிள்ளுகிறார்கள், தோட்டக்காரருக்குச் சமைக்கவேண்டும். இரத்தினம்மா குத்திப் பார்த்தாளாம். ஒன்றும் தெரியவில்லையாம். எங்கள் பசு சிவப்பி கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. குணலட்சுமி அதற்கு மீனாட்சி என்று பெயர் வைத்துவிட்டாள்.

கை விஷயத்தை மேலிடத்துக்கு எழுதவேண்டாம் என்று இரத்தினம்மா உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறாள்.

அக்கா ஞானாம்பிகை

*மாமா, நான் குணலட்சுமி. கடிதத்தைப் பெட்டியிலை போட அம்மா தந்தவ. ஒட்ட முதல் நானும் எழுதுறன். அம்மா இதுக்குச் சாம்பிராணி பிடிச்சுப்போட்டுத்தான் தந்தவ. அம்மா எனக்கு இப்ப சீப்பாலை தலை இழுக்கிறேல்லை, மாமிதான் வந்து இழுக்கிறா. குழையற்சோறும் தாறேல்லை, அகப்பையாலை போடுறா. பாயும் வேறை. நான் ஒரு குழப்படியும் செய்யேல்லை மாமா. நீங்கள் வந்து அம்மாவோடை கதையுங்கோ.*

*

கேகாலை,
1-2-1935

என் அக்காவுக்கு, தம்பி எழுதுவது. நான் நல்ல சுகம். எள்ளுருண்டை வந்தது. நடராசாவுக்கு ஒரு பல் ஆடுகிறது.

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

போன கிழமை எங்கள் ஊர் ஆள் ஒருவர் காய்ச்சலோடு இங்கே வந்தார். மருந்து கொடுத்தேன். சுகமானதும் எனக்கு ரசம் வைத்துத் தந்தார். இருந்து ஊர்க் கதை கதைத்தோம். யார் என்று பிறகு சொல்கிறேன்.

இரத்தினம்மாக்காவிடம் நான் சொல்லுவதை அப்படியே சொல்லுங்கள். முதலாவது, அரசாங்க உத்தியோகத்தன் தன் கண்ணால் கண்ட வருத்தக்காரரைப் பற்றித்தான் அறிவிக்கலாம். நான் அந்தக் கையைக் காணவில்லை. ஆகையால் அறிவிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது, மார்கழியில் ஊசியைப் பற்றி ஏதோ பொழுதுபோக்காக எழுதிவிட்டேன். நானூறு பேரின் நடுவே நின்று எழுதினேன் என்பது ஒரு சாட்டு இல்லை. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மூன்றாவது, அது பெருவியாதியே என்றாலும் ஒரு சீப்பாலோ ஒரு பிடி சோற்றாலோ தாவுகிற வருத்தம் அல்ல. வருஷக் கணக்கில் அவர்களோடு இருந்து களிம்பு பூசினவன் நான். என் கைகளை நினைத்துப் பாருங்கள்.

குத்துவதற்கு முன்பு அதில் என்ன பூசியிருந்தார்? எதையும் விடாமல் கேட்டு எழுதுங்கள். லீவு கேட்டேன், காய்ச்சல் இறங்கும் வரை யாருக்கும் இல்லையாம்.

அவரைத் தனியே விடாதீர்கள் அக்கா.

தம்பி நமசிவாயம்

*

சிவமயம்

இணுவில்,
12-2-1935

அன்பான தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் கடிதத்தை இரத்தினம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் அழுதாள். மன்னிப்பெல்லாம் கேட்கவேண்டாமாம். சின்னப்பிள்ளையில் இருந்தே நீ அவசரக்காரன் என்று அவளுக்கும் தெரியும்.

பூசினது கராம்புத் தைலம் மட்டும்தான். முதலில் சரியான கடி, ஒரே சொறிச்சல். மருந்துக் கடையில் கேட்டு வாங்கினாள். பூசினதும் கடி நின்றுவிட்டது. நல்ல மருந்து என்று கார்த்திகையில் இருந்து நாளுக்கு மூன்று தரம் தேய்க்கிறாள். குத்தின அன்றும் தேய்த்துவிட்டுத்தான் குத்தினாளாம். அது மருந்துதானே, அதில் என்ன பிழை?

அக்கா

*

கேகாலை,
19-2-1935

அக்கா! சுகம் கேட்க மறந்து எழுதத் தொடங்கிவிட்டேன். எல்லாரும் சுகந்தானே?

பல்லுக்குத்துக்குக் கராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைப்போமே, எதற்கு? நோவு தெரியாமல் விறைத்துப் போகத்தானே! மூன்று மாதமாகத் தோலை விறைக்கப் பண்ணிவிட்டு அதிலே ஊசியால் குத்தினால் என்ன தெரியும்? கடி நின்றது மருந்தின் குணம் இல்லை, விறைப்பு. இதைக் கேட்காமல் ஊசியைச் சொன்ன அப்போதிக்கரிக்கு அடி போடவேண்டும்.

சத்தியம் பண்ண மாட்டேன். கண்ணால் காணாமல் எதையும் முடிவாகச் சொல்லக்கூடாது என்று இப்போதுதான் படித்திருக்கிறேன். தைலத்தை இன்றோடு நிறுத்தட்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, மூன்று கிழமை எதுவும் பூசாமல் விடட்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருக்க, வேறொருவர் கோழி இறகால் தொடவேண்டும். தொடும்போதெல்லாம் அவர் சொல்லவேண்டும். தானே தொட்டுப் பார்ப்பது சரிவராது. கட்டாயம் இன்னொருவர் வேண்டும்.

தம்பி

*

சிவமயம்

இணுவில்,
20-3-1935

அருமைத் தம்பிக்கு, அக்கா ஞானாம்பிகை. நீ இளைத்துவிட்டாய் என்று நினைக்கிறேன், பால் கிடைத்தால் குடி. இங்கே புகையிலை வெட்டு முடிந்தது.

மூன்று கிழமையும் போய், அதற்கு மேலும் சில நாள் போய்விட்டது. இறகு இருந்தது. தொடுவதற்குத்தான் ஆள் இல்லை. அவள் யாருக்கும் சொல்லவில்லையே. சொன்னால் முகம் மாறுமோ என்று பயம். ஊருக்குப் பயமில்லை தம்பி, வீட்டில் ஒரு முகம் மாறினால் அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

கடைசியில் புருசனிடம் சொன்னாள். அவர் தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றாராம். கையைக் காட்டினாள்.

"எத்தினை நாளா உது?"

"கார்த்திகையிலை இருந்து."

"உதைத் தனியச் சுமந்துகொண்டோ என்னோடை இருந்தனீ? நான் ஏதோ என்னிலை கோவம் எண்டு நினைச்சன்."

கண்ணை மூடச் சொன்னார். இறகைக் கையில் எடுத்தார். பிறகு அதைப் போட்டுவிட்டு விரலால் தொட்டார். "இறகாலை தொடச் சொல்லித்தான் எழுதிக் கிடக்கு" என்று அவள் சொன்னாள். "உன்னைத் தொட எனக்கு இறகு வேணுமே, விசரி" என்றாராம்.

தெரிந்தது தம்பி. ஓரத்தில் நன்றாகத் தெரிந்தது, நடுவில் மங்கலாக. ஆனால் புகையிலை வெட்டின விரல், மரப்பட்டை மாதிரி. அது யாருக்குத்தான் தெரியாது? அதனால் அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. பிள்ளையின் பாய் இன்னும் தள்ளித்தான் கிடக்கிறது. நீ எப்போது வருவாய்?

அக்கா

*

கேகாலை,
20-4-1935

அன்புள்ள அக்காவுக்கு, தம்பியின் புதுவருஷ வணக்கம். உடம்பு தேறிவிட்டது, பாலும் குடிக்கிறேன். நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. நேற்று நாற்பது பேர்தான். பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் தோல் வருத்தக்காரரை மே மாதம் மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமை தொடக்கம் திரும்பவும் பார்ப்பார்கள். டாக்குத்தரும் நானும் ஒரே ரெயிலில் வருகிறோம். இரண்டாம் திகதி வியாழன் பகல் வீட்டுக்கு வருவேன். இரத்தினம்மாக்காவை வெள்ளிக்கிழமைக்கு ஆயத்தமாக இருக்கச் சொல்லுங்கள். முதல் துண்டுச் சீட்டு அவருக்குத்தான். அவருடைய புருசனுக்கு என் தனிப்பட்ட வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வியாழன் மத்தியானம் குழையற்சோறு வேண்டும்.

தம்பி நமசிவாயம்

*

சிவமயம்

இணுவில்,
12-5-1935

என் உயிர்த் தம்பிக்கு, அக்கா எழுதுவது. மிச்ச வேலையை முடிக்க நீ திரும்பிப் போய் ஒரு கிழமை ஆகிறது. நான் சுகம். இந்தச் சொல்லை ஐந்து மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் உண்மையாக எழுதுகிறேன்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. நீயும் கேட்கவில்லை. அது என் கைதான் என்று தெரிந்தும் ஒன்றுமே கேட்காமல் துண்டில் ஞானாம்பிகை என்று எழுதினாய். இரத்தினம்மா மார்கழி முடியவே தமையனிடம் போய்விட்டாள். தொடங்கிய பொய்யை எனக்கு விடத் தெரியவில்லை. பெருவியாதி என்றால் நீ அறிவிக்கவேண்டும் என்று எழுதினாயே. உன்னை அந்த நிலையில் வைக்க மனம் வரவில்லை. குணலட்சுமியை விட்டுவிட்டு அந்தத் தீவுக்குப் போகவும் மனம் வரவில்லை. காகிதத்தில் தொற்றி உன்னிடமும் வந்துவிடுமோ என்றுதான் புகை பிடித்தேன்.

டாக்குத்தர் இறகால் தொட்டுப் பார்த்து, காது மடலிலும் கீறி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "வெறும் படர்தாமரை. கராம்புத் தைலந்தான் தோலைப் பழுதாக்கியிருக்கு" என்றாரே, அப்போது நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து, குணலட்சுமியை முன்னாலே இருத்தித் தலை இழுத்தேன். சிக்கெடுக்க அவள் கத்தினாள். அப்போதுதான் அழுதேன். பின்னேரம் காவல்காரனையும் நினைத்தேன். உயிர் போற வருத்தமோ என்று கேட்டானே, ஓம் என்று சொல்லியிருக்கவேண்டும்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. வியாழக்கிழமை நான் உனக்கு அகப்பையால் சோறு போட்டேன். நீ எழும்பிப் போய் வேலியில் பூவரசம் இலை பிடுங்கிக்கொண்டு வந்து, என் முன்னால் இருந்து கையை நீட்டினாய்.

"அக்கா, கையாலை தாங்கோ."

"நாளைக்குத் தாறன் தம்பி."

"எனக்கு இண்டைக்குத்தான் பசிக்குது."

கையாலேயே பிசைந்து தந்தேன். ஏழு உருண்டை தின்றாய். அதைப் பார்த்து அத்தானும் இலை பிடுங்கினார், குணலட்சுமியும் ஓடிப்போய்ப் பிடுங்கினாள். ஏன் தம்பி? ஒரு நாள் பொறுத்திருந்தால் டாக்குத்தர் பார்த்த பிறகு பயமில்லாமல் சாப்பிட்டிருக்கலாமே.

களிம்பு பூசுகிறேன், தடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ஞானாம்பிகை

*

கேகாலை,
19-5-1935

அன்பு அக்காவுக்கு, தம்பி எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகம் என்று எழுதியதை நாலு தரம் வாசித்தேன்.

கடிதத்தை மணந்தும் பார்த்தேன். சாம்பிராணி இல்லை, உள்ளி மணம். கறிக்கு உள்ளி உரித்த கையோடு எழுதியிருக்கிறீர்கள்.

தை மாதம் காய்ச்சலோடு வந்து எனக்கு ரசம் வைத்துத் தந்தவர் இரத்தினம்மாக்காதான். தமையனுக்கு இங்கே பக்கத்தில் றம்புக்கனை ஸ்டேசனில் வேலை. ரசத்துக்காக அவர் எனக்கு முன்னால் இருந்து இரண்டு கையாலும் உள்ளி தட்டிக்கொண்டிருந்தார். கையில் ஒரு தடமும் இல்லை. என் பெட்டிக்குள்ளே மருமகளின் எழுத்து இருந்தது. அன்றைக்கே தெரியும். அதன் பிறகு அந்தக் கைம்பெண்ணுக்கு நீங்கள் ஒரு புருசனையும் கொடுத்தபோது, அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அடுத்த முறை பொய் சொல்வதானால் முதல் கடிதத்தை ஒருக்கால் வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்டீர்கள். டாக்குத்தர் வெள்ளிக்கிழமை என்ன சொல்லுவார் என்று எனக்கும் தெரியாது அக்கா. ரெயிலில் வரும் வழியெல்லாம் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டுதான் வந்தேன். அவர் மாறிச் சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு நீங்கள் எனக்கு உங்கள் கையால் ஒருநாளும் சோறு தந்திருக்க மாட்டீர்கள். நான் கேட்டாலும் தந்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் வியாழக்கிழமையே சாப்பிட்டேன்.

அத்தானுக்கும் குணலட்சுமிக்கும் மீனாட்சிக்கும் என் அன்பு. ஆனி மாதம் வந்துவிடுவேன். பூவரசு துளிர்த்திருக்கும்.

தம்பி,
நமசிவாயம்